எஸ்.டி.பி. ஸ்லட்ஜ் எப்படிப் படிகிறது? சிலிண்டர் சோதனை முதல் எஸ்.வி.ஐ. கணக்கு வரை

பெங்களூரில் சர்ஜாபுர சாலையிலோ ஒயிட்ஃபீல்டிலோ ஒரு பெரிய அடுக்குமாடிக் குடியிருப்பின் அடித்தளத்தில் இருக்கும் எஸ்.டி.பி.க்கு, அதாவது கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்துக்கு, இறங்கினால் முதலில் காதில் விழுவது காற்றூதும் ப்ளோயரின் சத்தம். பக்கத்தில் ஒரு மேஜை. அதன்மேல் பழுப்பேறிய ஒரு லிட்டர் சிலிண்டர், கயிற்றில் தொங்கும் பேனா, லாக்புக். எஸ்.வி.30 (ஒரு லிட்டர் கலவையில் ஸ்லட்ஜ், அதாவது பாக்டீரியாத் திரள், அரை மணியில் படிந்து நிற்கும் மி.லி. அளவு) என்ற கட்டத்தில் 350, 350, 360, 350 என்று மாதக்கணக்கில் ஒரே எண். அந்தப் பக்கம் ஸ்லட்ஜைப் படியவைக்கும் தொட்டியான கிளாரிஃபையரைப் பார்த்தால் ஸ்லட்ஜ் கட்டிகட்டியாக மிதந்து தெளிநீரோடு வழிந்துகொண்டிருக்கும்.

சோதனை பொய் சொல்லவில்லை. அரை மணி நேரம் கழித்து வந்து ஒரே ஒரு எண்ணை மட்டும் எழுதிவிட்டுப் போவதுதான் கோளாறு. சோதனையின் முதல் ஐந்து நிமிடம், ஸ்லட்ஜுக்கு மேலே நிற்கும் தண்ணீர், டேங்கில் எவ்வளவு திடப்பொருள் இருக்கிறது என்ற கணக்கு ஆகிய மூன்றும் சேர்ந்தால்தான் 350க்கு அர்த்தம் வரும். ஓசூர், கிருஷ்ணகிரி பக்கமிருந்து வந்து இங்கே எஸ்.டி.பி. ஓட்டும் ஆபரேட்டர்கள், அவர்களுக்கு மேலே இருக்கும் சூப்பர்வைசர்கள், லாக்புக்கில் கையெழுத்துப் போடும் குடியிருப்போர் சங்கத்தார் எல்லோருக்கும் பயன்படும்படி இதை முழுதாகச் சொல்கிறோம்.

எந்தப் பிளான்ட்டுக்கு இது பொருந்தும்

கழிவுநீரில் காற்றை ஊதி பாக்டீரியாவை வளர்த்து, அந்தப் பாக்டீரியாத் திரளைப் படியவைத்துப் பிரிக்கும் முறை 1914இல் மான்செஸ்டரில் வந்தது. நம் அடித்தளத்தில் ஓடுவதும் அதே முறைதான். பாக்டீரியா அழுக்கைத் தின்றுவிடும், அதில் பெரிய பிரச்சினை வராது. தின்று முடித்த பாக்டீரியாவைத் தண்ணீரிலிருந்து பிரிப்பதில்தான் பாதி பிளான்ட்டுகள் தடுக்கி விழுகின்றன.

கிளாரிஃபையர் வைத்த எக்ஸ்டெண்டட் ஏரேஷன் (நீண்ட நேரம் காற்றூதும்) பிளான்ட்டுக்கும், ஒரே டேங்கில் காற்றூதுவதும் படியவைப்பதும் மாறி மாறி நடக்கும் எஸ்.பி.ஆருக்கும் இந்தச் சோதனை கண் மாதிரி. எம்.பி.பி.ஆரில் பாக்டீரியா பெரும்பாலும் பிளாஸ்டிக் மீடியாவில் ஒட்டிக்கொண்டிருக்கும். தண்ணீரில் மிதப்பது கொஞ்சம்தான். அங்கே எஸ்.வி.30 வெறும் 30, 50 என்று வரும். அதைப் பார்த்து "ஸ்லட்ஜே இல்லை" என்று பதறி லாரியில் பயோகல்ச்சர் (கடையில் விற்கும் பாக்டீரியா) இறக்க வேண்டாம். எம்.பி.ஆரில் மெம்பிரேன்தான் வடிகட்டுகிறது, படிவதை நம்பி அது ஓடவில்லை. எம்.எல்.எஸ்.எஸ். (லிட்டர் கலவையில் எத்தனை மி.கி. திடப்பொருள் என்ற அளவு) 8000, 10000 என்று இருக்கும் அந்தக் கலவை அரை மணியில் அசையாமல் நின்றாலும் அது குற்றமில்லை.

தேவையானவை

1000 மி.லி. அளவுக் கோடு போட்ட சிலிண்டர் இரண்டு. கண்ணாடியோ தெளிவான பிளாஸ்டிக்கோ பரவாயில்லை. கீறல் விழுந்து மங்கியது மட்டும் வேண்டாம். ஒன்றுதானே போதும் என்று தோன்றும், ஆனால் பிரச்சினை வரும் நாளில் இரண்டாவது இல்லாமல் காரணம் பிடிபடாது. கூடவே இரண்டு லிட்டர் வாளி அல்லது நீளக் கைப்பிடி போட்ட மக், கடிகாரம், கண்ணாடிக் குச்சி, கையுறை.

கூம்பு வடிவ இம்ஹாஃப் கோனை இதற்குப் பயன்படுத்தாதீர்கள். அது கச்சாக் கழிவுநீரிலும் வெளியேறும் நீரிலும் உள்ள கொஞ்சூண்டு வண்டலை அளக்க வந்தது. கழுத்து வெட்டிய தண்ணீர் பாட்டிலும் அப்படித்தான். பார்க்க வசதியாக இருக்கும், அளவு சரியாக வராது.

சிலிண்டரைச் சோப்பு போட்டுக் கழுவுவது நல்ல பழக்கம் என்று நினைக்கிறோம். இங்கே அது கெடுதல். சுவரில் ஒட்டிய சோப்பு, திரள் சேர்வதைக் குலைக்கும். பிரஷ்ஷும் வெறும் தண்ணீரும் போதும்.

மாதிரி எடுக்கும் இடம், நேரம்

காற்றூதும் ஏரேஷன் டேங்கிலிருந்து கலவை கிளாரிஃபையருக்குப் போகும் வாய்க்கு அருகே எடுங்கள். கிளாரிஃபையருக்கு எது போகிறதோ அதைத்தான் அளக்க வேண்டும். மேலே நுரை இருந்தால் மக்கைக் கவிழ்த்தபடி நுரைக்குக் கீழே ஓரடி, ஒன்றரை அடி இறக்கி, அங்கே நிமிர்த்துங்கள். நுரையும் சேர்ந்து வந்தால் அந்த மாதிரியைக் கொட்டிவிட்டு மறுபடி எடுங்கள்.

ப்ளோயர் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். கரண்ட் போய் ஜெனரேட்டர் எடுக்கத் தாமதமாகி ப்ளோயர் நின்றிருந்தால், திரும்ப ஓடி ஒரு மணி நேரமாவது போகட்டும். எஸ்.பி.ஆர். என்றால் ஏரேஷன் முடியும் கடைசிப் பத்து நிமிடத்தில் எடுப்பது சரி.

நேரம் தினமும் ஒன்றாக இருக்கட்டும். காலை ஆறரை முதல் ஒன்பது வரை குளியல், பாத்திரம், வாஷிங் மெஷின் எல்லாம் ஒன்றாக இறங்கும் நேரம். அது முடிந்த பத்து மணி வசதியானது. திங்கள் காலை பத்து மணி அளவையும் செவ்வாய் இரவு எட்டு மணி அளவையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால் எதுவும் புரியாது.

எடுத்த மாதிரியை அடுத்த பத்து நிமிடத்துக்குள் சிலிண்டரில் ஊற்றிவிட வேண்டும். மேலே ஆபீஸுக்குக் கொண்டுபோய், டீ குடித்துவிட்டு வந்து ஊற்றுவதற்குள் பாக்டீரியா மிச்சமிருந்த ஆக்ஸிஜனைத் தின்று தீர்த்திருக்கும். படியும் விதமே மாறிவிடும்.

ஓரமாக நின்று மக்கால் எடுங்கள். எந்தக் காரணத்துக்காகவும் டேங்கின் உள்ளே இறங்கக் கூடாது. அடித்தள எஸ்.டி.பி.யில் ஹைட்ரஜன் சல்ஃபைடு கண்ணுக்குத் தெரியாமல் தேங்கும். கழிவுநீர்த் தொட்டியில் ஆளைப் பாதுகாப்பில்லாமல் இறக்குவது, கையால் மலம் அள்ளுவதைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம், இறக்கச் சொல்கிறவர் யாராக இருந்தாலும்.

சோதனை

1. மாதிரியை வாளியில் மெதுவாக நாலைந்து தடவை கலக்குங்கள். குலுக்க வேண்டாம், திரள் உடையும்.

2. ஒரே மூச்சில் சிலிண்டரின் 1000 மி.லி. கோடு வரை ஊற்றுங்கள். பாதி ஊற்றி நிறுத்தி மீதியை ஊற்றினால் அடியில் ஒரு அடுக்கு முன்னாலேயே படிந்துவிடும்.

3. சிலிண்டரை அதிர்வில்லாத, வெயில் படாத இடத்தில் வையுங்கள். ப்ளோயர் ரூம் மேஜை கூடவே கூடாது. அந்த அதிர்வு ஸ்லட்ஜைத் தட்டித் தட்டி இறுக்கி, உண்மையைவிட நல்ல எண்ணைக் காட்டும். வெயில் பட்டால் ஒரு பக்கம் சூடாகித் தண்ணீர் உள்ளேயே சுழலும். ஸ்லட்ஜ் கலங்கிக்கொண்டே இருக்கும்.

4. ஊற்றி முடித்த நொடியிலிருந்து கடிகாரம். 5, 10, 15, 20, 25, 30ஆவது நிமிடங்களில் ஸ்லட்ஜின் மேல்மட்டத்தைக் குறியுங்கள். கண் அந்த மட்டத்துக்கு நேராக இருக்க வேண்டும். நின்றபடி குனிந்து பார்த்தால் 20 மி.லி. வரை பிசகும்.

5. 30ஆவது நிமிடத்தோடு கொட்டிவிடாதீர்கள். இரண்டு மணி நேரம் அப்படியே நிற்கட்டும். ஏன் என்பதைப் பின்னால் சொல்கிறோம்.

மட்டம் சரிவாக இருந்தால் மேல் ஓரத்துக்கும் கீழ் ஓரத்துக்கும் நடுவில் எடுங்கள். ஒரு லிட்டர் சிலிண்டரின் உள்விட்டம் ஆறு சென்டிமீட்டர் அளவுதான். கெட்டியான ஸ்லட்ஜ் சுவரைப் பிடித்துக்கொண்டு தொங்கும். அப்படித் தொங்குகிறதா என்ற சந்தேகம் வந்தால் கண்ணாடிக் குச்சியை ஓரத்தில் விட்டு ஒரே ஒரு சுற்று மிக மெதுவாகச் சுற்றிப் பாருங்கள். மட்டம் சடாரென்று 50, 100 மி.லி. இறங்கினால் சுவர்தான் தாங்கிப் பிடித்திருந்தது. அடுத்த தடவை இரண்டு லிட்டர் அகன்ற பாத்திரத்தில் செய்யுங்கள். பெரிய ஆய்வகங்களில் நிமிடத்துக்கு ஒன்றிரண்டு சுற்று சுற்றும் மோட்டார் குச்சி வைப்பதும் இதற்காகத்தான்.

முதல் ஐந்து நிமிடம்

இங்கேதான் நிற்க வேண்டும், போன் பார்க்கக் கூடாது. நல்ல ஸ்லட்ஜ் ஊற்றிய ஒரு நிமிடத்துக்குள் பால் திரிகிற மாதிரி திரளத் தொடங்கும். தனித்தனிப் பொட்டுகள் ஒன்றோடொன்று சேர்ந்து, இடையிடையே தெளிந்த நீர்க்கால்கள் தெரியும். பிறகு மேலே ஒரு கோடு விழும். அந்தக் கோடு ஒரு போர்வை மாதிரி மொத்தமாக இறங்கும், போகிற வழியில் சின்னத் துகள்களையும் வாரிக்கொண்டே போகும். மேல்நீர் தெளிவாக இருப்பது அந்தப் போர்வையின் புண்ணியம்.

ஒரு நல்ல நாளின் அளவுகள் இப்படி இருக்கும்: 5 நிமிடத்தில் 780, பத்தில் 610, பதினைந்தில் 510, இருபதில் 450, இருபத்தைந்தில் 410, முப்பதில் 380. முதலில் வேகம், பிறகு நிதானம்.

ஐந்து நிமிடத்திலேயே 350க்கு வந்து நின்றுவிட்டால் பலர் மகிழ்ந்துபோவார்கள். மகிழ வேண்டாம். போர்வை உருவாகாமல் கல் மாதிரி விழுந்த வயதான ஸ்லட்ஜ் அது. மேல்நீரில் ஊசி முனை அளவுத் துகள்கள் மிதந்துகொண்டே இருக்கும். சிலிண்டருக்குப் பின்னால் தினத்தந்தியைப் பிடித்துப் பாருங்கள். செய்தி எழுத்து படிக்க முடிந்தால் நல்ல மேல்நீர். தலைப்பு மட்டும் தெரிந்தால் அன்றைக்கு 30ஆவது நிமிட எண் எவ்வளவு அழகாக இருந்தாலும் உங்கள் சேண்ட் ஃபில்டர் சீக்கிரம் அடைக்கும்.

மாறாக, ஐந்தில் 980, முப்பதில் 900 என்று நின்றால் இரண்டு காரணங்கள் இருக்கலாம். அவற்றைப் பிரித்தறியும் வழி கீழே வருகிறது.

நிறமும் வாசனையும் ஒரு வார்த்தையில்: ஃபில்டர் காபி டிகாக்‌ஷனில் கொஞ்சம் பால் விட்ட பழுப்பு, மழை பெய்த மண் வாசம் இருந்தால் சரி. கறுப்பும் அழுகிய முட்டை நாற்றமும் இருந்தால் காற்று பற்றவில்லை.

எம்.எல்.எஸ்.எஸ்.

இரண்டு பிளான்ட்டில் எஸ்.வி.30 ஒரே 400 என்று வைத்துக்கொள்வோம். ஒன்றில் லிட்டருக்கு 4000 மி.கி. திடப்பொருள், இன்னொன்றில் 1600. முதலாவது நன்றாகப் படிகிறது. இரண்டாவது பஞ்சு மாதிரி உப்பிக் கிடக்கிறது. இந்த வித்தியாசத்தை ஒரே எண்ணில் காட்டுவதற்காக 1934இல் மோல்மன் என்ற அமெரிக்க வேதியியலாளர் முன்வைத்ததுதான் எஸ்.வி.ஐ. ஒரு கிராம் ஸ்லட்ஜ் அரை மணி படிந்த பிறகு எத்தனை மி.லி. இடம் பிடிக்கிறது என்பதே அதன் பொருள்.

எம்.எல்.எஸ்.எஸ். எடுக்க கண்ணாடி இழை வடிதாளை 105 டிகிரி ஓவனில் ஒரு மணி நேரம் உலர்த்தி, டெசிகேட்டரில் (ஈரம் புகாத மூடிய பாத்திரத்தில்) ஆறவைத்து எடை போடுங்கள். நன்றாகக் கலக்கிய அதே மாதிரியிலிருந்து 50 மி.லி. வடிகட்டுங்கள். மறுபடி 105 டிகிரியில் ஒரு மணி நேரம், ஆறவைத்து எடை. திரும்ப அரை மணி உலர்த்தினால் எடை குறையக் கூடாது. குறைந்தால் இன்னும் காயவில்லை.

முன் எடை 0.1250 கிராம், பின் எடை 0.2875 கிராம் என்றால் வித்தியாசம் 0.1625 கிராம், அதாவது 162.5 மி.கி. அது 50 மி.லி.யில் இருந்தது, லிட்டருக்கு இருபது மடங்கு, 3250 மி.கி.

தராசு விஷயத்தில் சிக்கனம் பார்க்காதீர்கள். 0.01 கிராம் வரைதான் காட்டும் தராசில் ஒரு புள்ளி தப்பினால் லிட்டருக்கு 200 மி.கி. தப்பும். குறைந்தது 0.001 கிராம் காட்ட வேண்டும். மழைக்காலத்தில் டெசிகேட்டரின் நீல சிலிக்கா ஜெல் இளஞ்சிவப்பாகியிருக்கிறதா என்று பாருங்கள். ஆகியிருந்தால் அது ஈரம் உறிஞ்சுவதை நிறுத்திவிட்டது, உங்கள் வடிதாள்தான் உறிஞ்சிக்கொண்டிருக்கிறது.

ஓவன் இல்லாத குடியிருப்பு என்றால் வாரம் ஒருமுறை வெளி ஆய்வகத்துக்கு, ஐஸில் வைத்து, அன்றே போய்ச் சேரும்படி அனுப்புங்கள். அந்த மாதிரியை எடுத்த அதே வாளியிலிருந்து அதே நேரத்தில் எஸ்.வி.30 செய்ய வேண்டும். திங்கள்கிழமை எம்.எல்.எஸ்.எஸ்ஸை வைத்து வெள்ளிக்கிழமை எஸ்.வி.30ஐ வகுப்பது, ஒருவர் உயரத்தை இன்னொருவர் எடையால் வகுப்பது மாதிரி.

எஸ்.வி.ஐ. கணக்கு

எஸ்.வி.30ஐ ஆயிரத்தால் பெருக்கி எம்.எல்.எஸ்.எஸ்ஸால் வகுக்க வேண்டும். 380 பெருக்கல் 1000, வகுத்தல் 3250. விடை 117. அலகு, கிராமுக்கு மி.லி.

80 முதல் 120 வரை நிம்மதி. 150 வரை கண்காணிப்பு. 150ஐத் தாண்டினால் ஸ்லட்ஜ் உப்புகிறது. 200 போனால் கிளாரிஃபையர் எப்போது வழியும் என்பது மட்டும்தான் கேள்வி. 80க்குக் கீழே வந்து மேல்நீர் கலங்கலாகவும் இருந்தால் ஸ்லட்ஜ் வயதாகிவிட்டது, வெளியேற்றும் அளவைக் கூட்டுங்கள். மேல்நீர் தெளிவாக இருந்து எஸ்.வி.ஐ. 70 என்றால் ஒன்றும் செய்யாதீர்கள். எண்ணுக்காக பிளான்ட்டைத் தொடக் கூடாது.

900இல் நின்றால்: பாதித் தண்ணீர் சோதனை

இரண்டாவது சிலிண்டர் இதற்குத்தான். ஒன்றில் வழக்கம்போல 1000 மி.லி. கலவை. இன்னொன்றில் 500 மி.லி. கலவையும் கிளாரிஃபையரிலிருந்து வழியும் தெளிநீர் 500 மி.லி.யும். குளோரின் போடுவதற்கு முந்தைய தெளிநீராக இருக்க வேண்டும். குழாய்த் தண்ணீரோ டேங்கர் தண்ணீரோ வேண்டாம். உப்பளவு மாறினால் திரள் சேரும் விதமும் மாறும். இரண்டையும் மெதுவாகக் கலக்கி ஒரே நேரத்தில் வையுங்கள்.

அரை மணி கழித்து முழுக் கலவை 900, பாதிக் கலவை 200 என்று வைத்துக்கொள்வோம். 200ஐ இரண்டால் பெருக்கினால் 400. அப்படியென்றால் ஸ்லட்ஜ் நல்லதுதான், கூட்டம்தான் அதிகம்; மாலை ஆறரை மணி மெஜஸ்டிக் பஸ் ஸ்டாண்ட் மாதிரி, நகர இடமில்லாமல் நிற்கிறது. வெளியேற்றுங்கள், சரியாகிவிடும்.

பாதிக் கலவையும் 420இல் நின்றால், இரண்டால் பெருக்க 840. இது கூட்டப் பிரச்சினை இல்லை, ஸ்லட்ஜே உப்பியிருக்கிறது. இங்கே அவசரப்பட்டு லாரி லாரியாக ஸ்லட்ஜை வெளியே தள்ளுவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. எம்.எல்.எஸ்.எஸ். சரியும், மிச்சமிருக்கும் கொஞ்சமும் உப்பியதாகவே இருக்கும்.

ஏன் உப்புகிறது

இழை இழையாக வளரும் பாக்டீரியா திரளிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டு, ஒரு திரளை இன்னொன்றின் பக்கத்தில் உட்காரவிடாமல் தள்ளும். கொஞ்சம் இழை தேவைதான். திரளுக்கு அதுதான் எலும்பு. மிஞ்சினால்தான் வில்லங்கம். நூறு மடங்கு பெருக்கும் சாதாரண மைக்ரோஸ்கோப்பிலேயே முடிக்கற்றை மாதிரி தெரியும்.

முதலில் டி.ஓ., அதாவது தண்ணீரில் கரைந்த ஆக்ஸிஜன், பாருங்கள். டேங்கில் லிட்டருக்கு 2 மி.கி. இருக்க வேண்டும். ஒன்றுக்குக் கீழே போனால் இழைகளுக்குக் கொண்டாட்டம், ஏனென்றால் கொஞ்ச ஆக்ஸிஜனிலும் பிழைக்கும் திறமை அவற்றுக்கு உண்டு. கரண்ட் பில் குறைக்க இரவில் ஒரு ப்ளோயரை நிறுத்தும் இடங்களில் இது வழக்கமான கதை. ப்ளோயர் ஓடியும் டி.ஓ. ஏறாவிட்டால் டேங்கின் அடியில் காற்றைக் குமிழியாக விடும் டிஃப்யூசர் மெம்பிரேன் அடைத்திருக்கும் அல்லது கிழிந்திருக்கும். மேலே ஒரே இடத்தில் பெரிய கொதிப்பு, மற்ற இடங்களில் அமைதி என்று தெரியும்.

அடுத்தது, சாப்பாடு பற்றாமை. 200 வீடு, வீட்டுக்கு நான்கு பேர், தலைக்கு 135 லிட்டர் என்று நாளுக்கு 108 கன மீட்டருக்குக் கட்டிய பிளான்ட்டில் 60 வீடுகள்தான் குடிவந்திருக்கும். பாக்டீரியா பட்டினி. பட்டினியிலும் சில இழைகள் ஜெயிக்கும். இதற்கு ஸ்லட்ஜ் அளவைக் குறைத்து ஓட்டுவது, இரண்டு டேங்க் இருந்தால் ஒன்றை மூடுவது என்று போக வேண்டும்.

வரும் கழிவுநீரைத் தேக்கிச் சீராக அனுப்பும் ஈக்வலைசேஷன் டேங்கில் அது அழுகுவது மூன்றாவது. அங்கே கலக்கும் காற்று நின்றுபோய், கறுப்பாக, நாற்றமாக ஏரேஷனுக்கு வந்தால் அந்த சல்ஃபைடைத் தின்று வளரும் இழைகள் தனி. சமையலறை எண்ணெய்ப் பொறி நிரம்பி வழிந்தால் கெட்டிப் பழுப்பு நுரையும் மேலே ஒரு தோலும் வரும். அதை வாரித் தனியே அப்புறப்படுத்துங்கள். தண்ணீர் பீச்சி உள்ளேயே அமுக்கினால் திரும்ப விதை போட்ட மாதிரி.

பெங்களூருக்கே உரிய ஒன்றும் உண்டு. காவிரித் தண்ணீர் எட்டாத இடங்களில் போர்வெல்லும் டேங்கரும்தான். தண்ணீர் கடினம் என்பதால் சாஃப்டனர். அதை உப்பு போட்டுக் கழுவும்போது வரும் உப்புநீரை பல இடங்களில் எஸ்.டி.பி.யிலேயே விட்டுவிடுகிறார்கள். திரளைப் பிடித்து வைப்பது கால்சியமும் மக்னீசியமும். சோடியம் வெள்ளமாக வந்தால் அந்தப் பிடி தளரும். இழை எதுவும் இல்லாமலேயே மேல்நீர் கலங்கும், படிவு மோசமாகும். சாஃப்டனர் கழுவும் நாளையும் லாக்புக்கில் எழுதுங்கள். மறுநாள் காலைச் சிலிண்டரோடு ஒத்துப்போகிறதா என்று நாலு வாரத்தில் தெரிந்துவிடும்.

படிந்தது மேலே எழுந்தால்

இதற்காகத்தான் இரண்டு மணி நேரம் கொட்டாமல் வைக்கச் சொன்னது. நன்றாகப் படிந்த ஸ்லட்ஜ் ஒரு மணி நேரம் கழித்துக் கட்டியாகப் பெயர்ந்து, இட்லி மாதிரி மேலே வந்து மிதக்கும். குச்சியால் தட்டுங்கள். சின்னக் குமிழிகள் வெளியேறி ஸ்லட்ஜ் மறுபடி கீழே போனால், அடியில் ஆக்ஸிஜன் தீர்ந்து பாக்டீரியா நைட்ரேட்டிலிருந்து ஆக்ஸிஜனை எடுத்திருக்கிறது; வெளியான நைட்ரஜன் வாயு ஸ்லட்ஜைத் தூக்கியிருக்கிறது. தட்டியும் இறங்காவிட்டால் காரணம் எண்ணெய் அல்லது நுரை உண்டாக்கும் இழை பாக்டீரியா.

இரண்டு மணி தாண்டி எழுந்தால் கவலையில்லை. அரை மணி, முக்கால் மணியிலேயே எழுந்தால் கிளாரிஃபையரிலும் அதுதான் நடக்கிறது. ஸ்லட்ஜ் அடியில் அதிக நேரம் கிடக்கிறது என்று பொருள். படிந்த ஸ்லட்ஜை ஏரேஷன் டேங்குக்குத் திருப்பி அனுப்பும் ரிட்டர்ன் பம்ப்பின் ஓட்டத்தைக் கூட்டுங்கள், ஹாப்பர் (கிளாரிஃபையரின் சரிவான அடிப்பகுதி) மூலையில் ஸ்லட்ஜ் ஒட்டிக்கிடந்தால் தள்ளிவிடுங்கள். இதை உப்பல் என்று நினைத்து குளோரின் போட்டால் நைட்ரஜனை மாற்றும் பாக்டீரியாவும் செத்து, அம்மோனியா நாற்றம் வீட்டு ஃப்ளஷ் வரை ஏறும்.

சிலிண்டரில் நன்று, கிளாரிஃபையரில் வழிகிறது

சிலிண்டரில் தண்ணீர் அசைவதில்லை. கிளாரிஃபையரில் மேல்நோக்கி ஏறுகிறது. இரண்டையும் ஒப்பிட ஒரு எளிய கணக்கு. சிலிண்டரில் 1000 மி.லி.க்கு உயரம் சுமார் 35 செ.மீ. முதல் ஐந்து நிமிடத்தில் 1000இலிருந்து 780க்கு வந்தது 220 மி.லி., அதாவது 7.7 செ.மீ. மணிக்கு 92 செ.மீ. இதுதான் ஸ்லட்ஜ் இறங்கும் வேகம்.

கிளாரிஃபையர் 2.5க்கு 2.5 மீட்டர், பரப்பு 6.25 சதுர மீட்டர். ஈக்வலைசேஷன் பம்ப் மணிக்கு 4.5 கன மீட்டர் தள்ளினால் தண்ணீர் ஏறும் வேகம் மணிக்கு 72 செ.மீ. ஸ்லட்ஜ் ஜெயிக்கும். பம்ப் கெட்டு, கடையில் கிடைத்த 15 கன மீட்டர் பம்ப்பை மாட்டிவிட்டால் 240 செ.மீ. எவ்வளவு நல்ல ஸ்லட்ஜாக இருந்தாலும் மேலே வரும். ஃப்ளோட் சுவிட்ச் விட்டு விட்டு ஓட்டுவதால் நாள் மொத்தக் கணக்கில் இது தெரியாது. பம்ப் ஓடும்போது மட்டும் வழிந்து, நின்றதும் தெளிந்தால் குற்றவாளி பம்ப்தான். பம்ப்பின் பைபாஸ் வால்வைத் திறந்து, ஒரு பங்கு ஈக்வலைசேஷன் டேங்குக்கே திரும்பும்படி செய்து, ஓட்டத்தைக் குறையுங்கள்.

எண்ணை வேலைக்கு எடுப்பது

ரிட்டர்ன் ஸ்லட்ஜ் விகிதத்தை எஸ்.வி.30இலிருந்தே எடுக்கலாம்: 380ஐ, 1000 கழித்தல் 380 ஆகிய 620ஆல் வகுத்தால் 0.61. உள்ளே வருவது மணிக்கு 4.5 கன மீட்டர் என்றால் ரிட்டர்ன் ஏறக்குறைய 2.75. இந்தச் சூத்திரத்தை உப்பிய ஸ்லட்ஜில் நம்பாதீர்கள். 900 என்றால் ஒன்பது மடங்கு என்று சொல்லும், எந்தப் பம்ப்பும் அதற்கு ஆகாது.

ரிட்டர்ன் ஸ்லட்ஜின் செறிவு: பத்து லட்சத்தை எஸ்.வி.ஐ.யால் வகுக்க வேண்டும். 117 என்றால் லிட்டருக்குச் சுமார் 8500 மி.கி. டேங்க் 100 கன மீட்டர், எம்.எல்.எஸ்.எஸ். 3250 என்றால் உள்ளே 325 கிலோ. ஸ்லட்ஜ் வயது (ஸ்லட்ஜ் பிளான்ட்டில் தங்கும் சராசரி நாள்) 25 நாள் வைத்தால் தினம் 13 கிலோ போக வேண்டும். 8500 செறிவில் அது 1500 லிட்டர். இந்த அளவை மாற்றும்போது ஒரு நாளைக்குப் பத்து சதவீதத்துக்கு மேல் மாற்றாதீர்கள். பலன் தெரிய வாரக்கணக்கில் ஆகும், ஸ்லட்ஜ் வயதே 25 நாள் அல்லவா. மூன்றாம் நாளே பொறுமையிழந்து இரட்டிப்பாக்குகிறவர்கள்தான் அடுத்த மாதம் பாக்டீரியாவை மறுபடி வளர்க்கச் சாணி கரைத்து ஊற்றிக்கொண்டிருப்பார்கள்.

குளோரின் கடைசி ஆயுதம். மைக்ரோஸ்கோப்பில் இழை உறுதியான பிறகு, டி.ஓ.வைச் சரிசெய்த பிறகு, எஸ்.வி.ஐ. இறங்காவிட்டால் மட்டும். டேங்கிலுள்ள ஒரு கிலோ திடப்பொருளுக்கு நாளைக்கு 2 முதல் 3 கிராம் என்று தொடங்குங்கள். 325 கிலோவுக்கு 3 கிராம் வீதம் 975 கிராம் குளோரின். பத்து சதவீத ஹைப்போ (சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசல்) புதியதாக இருந்தால் பத்து லிட்டர். பழைய கேனில் பலம் பாதியாகியிருக்கும். மொத்தத்தையும் ஏரேஷன் டேங்கில் கொட்டாமல் ரிட்டர்ன் குழாயில் நாள் முழுக்கச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். நீட்டிக்கொண்டிருக்கும் இழை முதலில் அடிபடும், திரளுக்குள் இருப்பது தப்பிக்கும். தினமும் சிலிண்டர் வையுங்கள். மேல்நீர் பால் மாதிரி வெளுத்தால் அன்றே நிறுத்துங்கள்.

லாக்புக்கில் ஒரு நாளுக்கு ஒரு வரி இப்படி இருந்தால் போதும்: காலை 10.05, 5 நிமிடம் 780, 10இல் 610, 30இல் 380, மேல்நீர் தெளிவு, பேப்பர் படிக்கலாம், பழுப்பு, மண் வாசம், 2 மணியில் எழவில்லை, டி.ஓ. 2.1, எம்.எல்.எஸ்.எஸ். 3250, எஸ்.வி.ஐ. 117, வெளியேற்றியது 1500 லிட்டர், நேற்று சாஃப்டனர் கழுவியது.